சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே

சென்னையின் மண்ணூர்பேட்டையில் போல்ட்டுக்குப் பஞ்சம் கிடையாது. ஒரு பக்கம் பாடி, இன்னொரு பக்கம் அம்பத்தூர் எஸ்டேட், நடுவில் இந்த ஊர். 1966-ல் பாடியில் தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் போன்ற ஆலைகளும், அவற்றைச் சுற்றி வளர்ந்த லேத் பட்டறைகளும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வண்டிகளுக்கான திருகுகளையும் உதிரிபாகங்களையும் செய்துவருகின்றன. தெருவில் நாலு பேரை நிறுத்திக் கேட்டால் ஒருவருக்காவது எம்6 போல்ட் என்றால் என்ன, 8.8 கிரேடு என்றால் என்ன என்று தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட ஊரிலும் பன்னிரண்டு கிலோ எடையுள்ள ஒரு ஸ்பீக்கர் பெட்டியைச் சுவரில் மாட்டும் வேலை தப்பாகவே நடக்கிறது. போல்ட் தெரிந்தவர்கள்கூடச் சுவரைக் கவனிப்பதில்லை.

இங்குள்ள வீடுகளில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்று பல வேலைகளைப் பார்க்கும். பகலில் பிள்ளை படிக்கும் இடம், மாலையில் டி.வி., இரவில் பாய் விரித்து இரண்டு மூன்று பேர் படுக்கும் இடம், விருந்தாளி வந்தால் அதுவே ஹால். அப்பா காலத்தில் வாங்கிய கனமான ஹை-ஃபை ஸ்பீக்கரோ, ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி பிளைவுட்டில் அடைத்துச் செய்த பெட்டியோ அந்த அறையில் தரையை அடைத்துக்கொண்டு நிற்கும். தரையில் வைப்பதற்கு இன்னொரு பயமும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் கொரட்டூர், அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீரைக் கொண்டுவந்தன. தரையில் இருந்த மின்சாதனம் எதுவும் அதில் பிழைக்கவில்லை. ஆகவே சுவரில் மாட்டலாம் என்று வீட்டுக்காரர் முடிவுசெய்வதில் நியாயம் இருக்கிறது.

ஹார்டுவேர் கடையில் அவர் கேட்கும் முதல் கேள்வி: "இந்த பிராக்கெட் எத்தனை கிலோ தாங்கும்?" அட்டையில் 25 கிலோ என்று அச்சிட்டிருப்பார்கள். பெட்டியோ பன்னிரண்டு கிலோதான், பாதிக்கும் கீழே. மனம் சமாதானமாகிவிடும். அந்த 25 கிலோ என்பது இரும்பு வளையாமல் தாங்கும் கணக்கு. இரும்பு ஒருநாளும் இங்கே பிரச்சினையாக இருந்ததில்லை.

எண்களைப் பார்த்தால் இது புரியும். 8.8 கிரேடு போல்ட்டில் முதல் எண், அந்த எஃகு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவையைத் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. விரல் நுனியில் நிற்கிற எம்6 போல்ட்டின் இழுவை தாங்கும் குறுக்குப்பரப்பு ஏறக்குறைய 20 சதுர மில்லிமீட்டர். பெருக்கினால் 16,000 நியூட்டன், அதாவது ஒன்றரை டன்னுக்கும் மேல். ஒரு சின்னக் காரையே தொங்கவிடலாம். செங்கல்லுக்கு வருவோம். இந்தியத் தரநிலை 1077-ல் உள்ள கீழ்வகுப்புச் செங்கல், சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் அமுக்கத்தைத் தாங்கினால் போதும். அதுவும் அமுக்கத்துக்கு, இழுவைக்குச் செங்கல்லின் பலம் அதில் ஒரு சிறு பங்குதான். இப்படிச் சமமில்லாத இரண்டு பொருள்களை இணைக்கும்போது, எஃகின் வலிமையைப் பற்றிக் கவலைப்பட்டுப் பயனில்லை. எந்த இடத்தில் உடையும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம்.

இன்னொரு சேதியும் உண்டு, அதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். சுவருக்கு எடை பெரிதாகத் தெரியாது. எடை எவ்வளவு தூரத்தில் தொங்குகிறது என்பதுதான் தெரியும். தண்ணீர்க்குடத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு தெரு முழுக்க நடக்கிற பெண்ணிடம் அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னால் பத்து நொடி தாங்காது. குடத்தின் எடை மாறவில்லை. உடம்புக்கும் குடத்துக்கும் நடுவே உள்ள தூரம்தான் மாறியது.

பிராக்கெட்டில் இதைக் கணக்காகப் போடலாம். பெட்டி பன்னிரண்டு கிலோ. ஆழம் 28 சென்டிமீட்டர். கடையில் வாங்கிய கை, பெட்டியைச் சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி நிறுத்துகிறது. ஸ்பீக்கரின் காந்தம் முன்பக்கம் இருப்பதால் எடையின் மையம் சுவரிலிருந்து ஏறக்குறைய 25 சென்டிமீட்டரில் விழும். சுவரில் திருகும் தகடு உள்ளங்கை அளவுதான். அதன் கீழ்விளிம்புக்கும் மேல் திருகுகளுக்கும் எட்டு சென்டிமீட்டர். பெட்டி முன்னால் சாயப் பார்க்கும், தகடு கீழ்விளிம்பை ஊன்றிக்கொண்டு திரும்பப் பார்க்கும், மேல் திருகுகள் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். 12-ஐ 25-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 37.5. பன்னிரண்டு கிலோ பெட்டி மேல் திருகுகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை 37 கிலோவுக்கு மேல். பெட்டி சும்மா இருக்கும்போதே இது.

பெட்டி எப்போதும் சும்மா இருக்காது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருகிறவர் ஸ்டூலில் ஏறி நின்று ஒரு கையால் பெட்டியின் முன்விளிம்பைப் பிடித்துக்கொள்வார். அவர் 30 கிலோ பாரத்தை அதில் போட்டாலும், நாற்பது சென்டிமீட்டர் தூரத்திலிருந்து அது மேல் திருகுகளில் 150 கிலோ இழுவையாக இறங்கும். கழன்று விழும் பெட்டிகளில் பலவற்றின் கதை பாட்டு ஓடும்போது நடப்பதில்லை. யாரோ கைவைத்த நேரத்தில் நடக்கிறது. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பன்னிரண்டு கிலோ, தரையைத் தொடும்போது மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். விழ எடுக்கும் நேரம் முக்கால் நொடிகூட இல்லை. கீழே படுத்திருப்பவர் கண்விழிக்கவே அந்த நேரம் போதாது. தலைக்கு மேல் பாரம் தொங்கவிடும் மேடை ஒலி-ஒளிக்காரர்கள் கணக்கில் வரும் பாரத்தைப் போல ஐந்து மடங்கு, பத்து மடங்கு தாங்கும்படி கட்டுவது இதனால்தான். வீட்டுக்கும் அந்த அளவுகோல்தான் பொருந்தும் என்பது என் கருத்து. மேடைக்குக் கீழே மனிதர் சில மணி நேரம்தான் நிற்கிறார். வீட்டில் இரவு முழுக்கப் படுத்திருக்கிறார்.

அடுத்து, சுவர் என்ன சுவர்? வண்ணமும் பட்டியும் பூசியபின் எல்லாச் சுவரும் ஒன்றுபோலத்தான் தெரியும். உண்மையைச் சொல்வது டிரில்லிங் மெஷினிலிருந்து உதிரும் தூள். ஆறு மில்லிமீட்டர் பிட்டில் ஒரு சோதனைத் துளை போட்டுப் பார்க்க வேண்டும். கீழே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிக்கொண்டால் நல்லது. முதலில் வெளிர்சாம்பல் மணல் உதிரும், அது பூச்சு. உள்சுவரில் அரை இஞ்ச் என்று கணக்கு, கொத்தனார் கோணலைச் சரிக்கட்டப் பூசியிருந்தால் ஒரு இஞ்சுகூட இருக்கும். பிறகு தூள் சிவந்தால் செங்கல். அந்தச் சிவப்பு ஒரே சீராக வந்துகொண்டிருந்தால் திருவள்ளூர்ப் பக்கத்துச் சேம்பர் சூளையில் வெந்த நல்ல கல் என்று நம்பலாம். சிவப்பு வந்து, திடீரென்று பிட் வழுக்கி உள்ளே போய் மறுபடி சாம்பல் மணல் வந்தால், இரண்டு கல்லுக்கு நடுவிலுள்ள சாந்தில் இறங்கியிருக்கிறோம். துளையை ஒன்றரை இஞ்ச் மேலோ கீழோ நகர்த்த வேண்டும். தூள் சாம்பலாகவே வந்து, பிட் முன்னேற மறுத்து, மெஷின் கையை உதறினால் அது கான்கிரீட் தூண் அல்லது பீம். வெள்ளை மாவாக, தடையே இல்லாமல் கொட்டினால் ஏ.ஏ.சி. எனப்படும், காற்றுக்குமிழ் நிறைந்த எடைகுறைந்த பிளாக். சற்றுத் தூரம் போனதும் பிட் வெற்றிடத்தில் விழுந்தால் ஹாலோ பிளாக்.

சாம்பல் தூள் வந்து, கான்கிரீட் அளவுக்குக் கடினமாகவும் இல்லை என்றால் ஃபிளை ஆஷ் கல். இந்த வட்டாரத்தில் அது பரவலாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அனல் மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் செங்கல் செய்வோர் உலைச்சாம்பலையும் சேர்க்க வேண்டும் என்று மத்திய அரசு 1999-ல் அறிவிக்கை வெளியிட்டது. எண்ணூரும் அத்திப்பட்டும் நமக்கு அந்தச் சுற்றளவுக்குள்ளே வருகின்றன. நன்றாகப் பதப்பட்ட ஃபிளை ஆஷ் கல், திருகைப் பிடிக்கத் துளைக்குள் சொருகும் பிளக்கை நன்றாகவே பிடிக்கும்.

கல் எதுவானாலும் முதல் விதி ஒன்று: பூச்சு பாரம் தாங்காது. வழக்கமாக எட்டு மில்லிமீட்டர் பிளக் நாற்பது மில்லிமீட்டர் நீளம். இருபது மில்லிமீட்டர் பூச்சில் போய்விட்டால் கல்லைப் பிடித்திருப்பது பாதிதான். அந்த நிலையில் மாட்டிய பெட்டி ஆறு மாதம் சமர்த்தாக இருக்கும், பிறகு பூச்சோடு சேர்ந்து வட்டமாகப் பெயர்ந்து வரும். "சார், பூச்சோட வந்துடுச்சு" என்று ஆசாரி சொல்வது இதைத்தான். பத்து மில்லிமீட்டர் விட்டமும் எண்பது மில்லிமீட்டர் நீளமும் உள்ள நைலான் பிளக் கிடைக்கிறது. பூச்சைத் தாண்டி ஐம்பது மில்லிமீட்டருக்குக் குறையாமல் கல்லுக்குள் அது இறங்க வேண்டும். துளை பிளக்கைவிடப் பத்து மில்லிமீட்டர் ஆழமாக இருக்கட்டும். தூளை ஊதி, பிரஷ் விட்டு எடுத்துவிட்டுத்தான் பிளக்கை இறக்க வேண்டும். தூள் தங்கிய துளையில் பிளக் கல்லைப் பிடிக்காது, தூளைத்தான் பிடிக்கும்.

இன்று நாம் பயன்படுத்தும் விரியும் நைலான் பிளக், ஜெர்மனியின் ஆர்ட்டூர் ஃபிஷர் 1958-ல் உருவாக்கியது. அதற்குமுன் நம் ஊரில் சுவரைக் கொத்தி மரக்கட்டையைச் சொருகி, சாந்து பூசி, அந்தக் கட்டையில் ஆணி அடித்தார்கள். ஃபிஷரின் பிளக் திருகு ஏற ஏற விரிந்து, துளையின் பக்கவாட்டை அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் வரும் உராய்வுதான் பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே துளை பெரிதாகிவிட்டால் எல்லாம் போயிற்று. பழைய பிட், ஆடும் கை, தேவையில்லாத ஹேமர் இந்த மூன்றும் எட்டு மில்லிமீட்டர் துளையைப் பத்தாக்கிவிடும். ஏ.ஏ.சி. கல்லிலும் ஹாலோ பிளாக்கிலும் ஹேமரை அணைத்துவிட்டு வெறும் சுழற்சியில்தான் துளைக்க வேண்டும்.

நைலானுக்கு ஒரு குணம் உண்டு. தொடர்ந்து இழுவையில் இருந்தால், அதுவும் சூட்டில், மெல்ல மெல்லத் தளர்ந்துகொடுக்கும். மே மாதத்தில் மேற்குவெயில் வாங்கும் சுவரில் மாட்டுவதாக இருந்தால், பிளக்கின் முழுத்திறனை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. அதேபோல எஃகு ஆங்கர் போல்ட்டைப் பார்த்து மயங்கவும் கூடாது. கான்கிரீட் தூணில் அதற்கு ஈடில்லை. நாலரை இஞ்ச் செங்கல் சுவரில் அதை முறுக்கினால், விரியும் விசையில் கல்லே பிளந்துவிடும். வெளியே தெரியாத விரிசல் அது.

இழுவையைச் சமாளிக்கப் பிளக்கைப் பெரிதாக்குவது மட்டுமே வழி இல்லை. மேலே போட்ட கணக்கில் இரண்டு எண்கள் நம் கையில் இருக்கின்றன: 25-உம் 8-உம். முதலாவது சுவரிலிருந்து எடைக்குள்ள தூரம். நீளமான கையை விட்டுவிட்டு, பெட்டியின் முதுகு சுவரிலிருந்து மூன்று சென்டிமீட்டரில் நிற்கும்படி செய்தால் 25 என்பது 18 ஆகிறது. இரண்டாவது தகட்டின் உயரம். அறுபது சென்டிமீட்டர் உயரமுள்ள 19 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையை முதலில் சுவரில் ஆறு பிளக்குகளால் பதித்து, அதன் மேல் பிராக்கெட்டை நட் போல்ட்டால் முடுக்கினால், மேல் திருகுகளுக்கும் கீழ்விளிம்புக்கும் 55 சென்டிமீட்டர் கிடைக்கும். இப்போது 12 பெருக்கல் 18 வகுத்தல் 55: நாலு கிலோவுக்கும் கீழே. முப்பத்தேழரை கிலோ நாலாகிவிட்டது. பெட்டி அதேதான், சுவர் அதேதான், பிளக்கும் அதேதான். வெள்ளையடிப்பவர் கைவைக்கும் அந்த 150 கிலோவும் இருபதுக்கும் கீழே இறங்கிவிடும். பலகைக்குச் சுவரின் வண்ணமே பூசிவிட்டால் கண்ணுக்கும் உறுத்தாது. இந்த ஒரு பலகையைவிடப் பெரிய பாதுகாப்பு எந்தக் கடையிலும் விற்கவில்லை.

பெட்டியைப் பிராக்கெட்டில் பிடிப்பதிலும் கவனம் தேவை. ஹை-ஃபை பெட்டிகள் பலவற்றுக்கு மாட்டுவதற்கென்று திருகுத்துளை இருக்காது. அலமாரியில் வைப்பதற்காகச் செய்தவை. அவற்றின் முதுகில் எம்.டி.எஃப். பலகையில் மரத்திருகு ஏற்றுவது ஆபத்து. சென்னைக் காற்றின் ஈரத்தில் எம்.டி.எஃப். உப்பி, திருகின் பிடி தளர்ந்துவிடும். இரண்டு பக்கத்தையும் கவ்விப் பிடிக்கும் வகை பிராக்கெட்டும் எடை கூடினால் உராய்வை மட்டுமே நம்பியிருக்கிறது. மண்ணூர்பேட்டையில் இருப்பவருக்கு இதற்கு எளிய வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: ஏதாவது ஒரு பட்டறையில் 25-க்கு 3 மில்லிமீட்டர் எம்.எஸ். (மென் எஃகு) பிளாட்டை வளைத்து வெல்டிங் செய்து, பெட்டியை அடியிலிருந்து ஏந்தும் தட்டு ஒன்றைச் செய்துகொள்ளலாம். முன்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் தடுப்பு, முதுகில் ஒரு பட்டை. பாரம் அடியிலிருந்து ஏந்தப்படுகிறது. திருகு எதுவும் பெட்டிக்குள் போகவே வேண்டியதில்லை.

இதுவரை சொன்ன தூரம் பாதுகாப்புக்கான தூரம். அதே தூரம்தான் காதிலும் விழுகிறது என்பது இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

ஸ்பீக்கரிலிருந்து கிளம்பும் தாழ்ந்த ஒலி முன்னால் மட்டும் போவதில்லை, பின்னாலும் வளைந்து போகிறது. சுவரில் பட்டுத் திரும்பி, நேராக வந்த ஒலியோடு சேர்கிறது. போய்வரும் அந்தக் கூடுதல் தூரம் ஓர் அலைநீளத்தில் சரிபாதியாக அமையும் சுருதியில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சென்னையின் 30 டிகிரிச் சூட்டில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் ஓடுகிறது. பெட்டியின் முகம் சுவரிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருந்தால், அழிவு 145 ஹெர்ட்ஸில். இரண்டு கட்டையில் பாடும் ஆணின் சட்ஜம் அங்கேதான் நிற்கிறது. பத்து சென்டிமீட்டர் கையில் மாட்டிய நம் பெட்டியின் முகம் 38 சென்டிமீட்டரில். அழிவு 230 ஹெர்ட்ஸுக்கு ஏறும். ஐந்து கட்டையில் பாடும் பெண்குரலில் அது ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவே விழும். பாட்டு மெலிந்து கேட்கிறது, குரலில் உடம்பில்லை என்று குறைப்பட்டு ஆம்பிளிஃபயரை மாற்றுகிறவர்கள் உண்டு. மாற்ற வேண்டியது பல நேரம் அந்த இடைவெளி.

இடைவெளியைக் குறைத்தால் அழிவு மேலே ஏறும். ஏறினால் என்ன லாபம்? உயர்ந்த சுருதிகளில் ஸ்பீக்கர் தன் ஒலியை முன்னால் மட்டும் அனுப்பத் தொடங்குகிறது. 25 சென்டிமீட்டர் அகலப் பெட்டிக்கு அந்த மாற்றம் ஏறக்குறைய 450 ஹெர்ட்ஸை ஒட்டி நிகழும். அதற்குமேல் பின்னால் போகும் ஒலி குறைவு, ஆகவே அழிவும் குறைவு. ஆழம் 15 சென்டிமீட்டரே உள்ள பெட்டியைச் சுவரோடு ஒட்டி மாட்டினால் முகம் 18 சென்டிமீட்டரில், அழிவு 485 ஹெர்ட்ஸில், கிட்டத்தட்டத் தப்பித்துவிட்டோம். நம் 28 சென்டிமீட்டர்ப் பெட்டி 280-இல் நிற்கும். முழு விடுதலை இல்லை. புதிதாக வாங்குகிறவர் சுவரில் மாட்டப்போகிறோம் என்று தெரிந்தால் அகலமான, ஆழம் குறைந்த பெட்டியைத் தேட வேண்டும். அதன் எடைமையமும் சுவருக்கு அருகே வருகிறது. காதுக்கு நல்லதும் பிளக்குக்கு நல்லதும் ஒரே திசையில் இருப்பது இந்தத் துறையில் அபூர்வம்.

விலையும் ஒன்று உண்டு. சுவரை ஒட்டிய பெட்டியில் தாழ்ந்த ஒலி பலப்படும். கணக்குப்படி ஆறு டெசிபல் வரை ஏறலாம். டோன் கன்ட்ரோலில் பேஸைக் குறைத்து இதைச் சரிசெய்யலாம். ஒலித்துளை பெட்டியின் முதுகில் இருந்தால் மூன்று சென்டிமீட்டர் இடைவெளி அதற்கு மூச்சுத்திணறல். துளையில் பஞ்சு அடைத்துப் பார்க்கலாம், அல்லது முன்பக்கம் துளையுள்ள பெட்டியைத் தேர்ந்தெடுக்கலாம்.

எந்த உயரத்தில் மாட்டுவது? வழக்கம் என்னவோ கூரையும் இரண்டு சுவரும் கூடும் மூலைதான். டீக்கடையிலிருந்து கல்யாண மண்டபம் வரை அங்கேதான் மாட்டுகிறார்கள். சின்ன அறைக்கு அதைவிட மோசமான இடம் இல்லை. அறையின் இரண்டு எதிர்ச்சுவர்களுக்கு நடுவே அலை முன்னும் பின்னும் மோதி ஒரு குறிப்பிட்ட சுருதியில் நின்று முழங்கும். பத்தடி அகலத்துக்கு அது 57 ஹெர்ட்ஸ். பன்னிரண்டடி நீளத்துக்கு 48. நம் வீடுகளில் கூரையின் உயரமும் பெரும்பாலும் பத்தடி, அதற்கும் 57-தான். அகலமும் உயரமும் ஒரே சுருதியில் சேர்ந்து முழங்குகின்றன. மூலையில் மாட்டிய ஸ்பீக்கர் இந்த முழக்கங்கள் எல்லாவற்றையும் ஒருசேர எழுப்பும். தரைக்கும் கூரைக்கும் நடுவில், ஐந்தடி உயரத்தில் ஸ்பீக்கரின் பெரிய கோன் இருந்தால், உயரத்தின் முழக்கம் எழவே எழாது. இரண்டில் ஒன்று போயிற்று. டிவீட்டரும் உட்கார்ந்தவர் காதுக்குப் பக்கத்தில் வரும், சற்றே கீழே சாய்த்தால் போதும்.

ஐந்தடியில் மாட்டினால் நடப்பவர் தலையில் இடிக்கும் என்பது நியாயமான கவலை. அதனால்தான் படிப்பு மேசைக்கு மேலேயோ, டி.வி. மேசையின் இரு பக்கத்திலோ மாட்ட வேண்டும். அங்கே யாரும் நடக்கமாட்டார்கள், யாரும் பாய் விரிக்கமாட்டார்கள். கட்டிலுக்கு மேலே, வாசல்படிக்கு மேலே, குழந்தை தூங்கும் தூளிக்கு அருகே மாட்டவே கூடாது. எத்தனை பலமான பிளக் போட்டிருந்தாலும் கூடாது.

பாட்டின் அதிர்வில் பிளக் கழன்றுவிடாதா என்று பலரும் பயப்படுகிறார்கள். ஆறரை இஞ்ச் கோனும் அதோடு ஆடும் சுருளும் சேர்ந்து பதினைந்து கிராம் இருக்கும். அது 50 ஹெர்ட்ஸில் இரு பக்கமும் நாலு மில்லிமீட்டர் ஆடினால், நியூட்டனின் விதிப்படி பெட்டி வாங்கும் எதிர்விசை ஆறு நியூட்டன், அறுநூறு கிராம். பிளக்கைப் பிடுங்க இது போதாது. ஆனால் ஒரு மணி நேரத்தில் அந்தத் தள்ளல் 1,80,000 முறை நடக்கிறது. அதன் வேலை பிடுங்குவது இல்லை, தளர்த்துவது.

எந்தத் திருகு தளரும் என்பதை 1969-ல் ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் சோதித்துக் காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, அதற்குக் குறுக்கே வரும் அதிர்வுதான் நட்டைத் தானாகக் கழற்றுகிறது; இணைந்த பரப்புகள் கொஞ்சம் வழுக்கினாலே போதும். சுவரில் ஏறிய திருகுகளுக்குக் கோனின் விசை நீளவாக்கில் வருகிறது. பெட்டியை இடம்வலமாகத் திருப்பும் கீல் போல்ட் செங்குத்தாக நிற்கிறது. அதற்கு அதே விசை குறுக்கே விழுகிறது. ஆகவே முதலில் தளர்வது அந்தக் கீல். அங்கே நைலான் வளையம் வைத்த லாக் நட் போட வேண்டும். நம் மெக்கானிக்குகள் நம்பும் ஸ்பிரிங் வாஷர் குறுக்கதிர்வுக்குப் பெரிதாக உதவுவதில்லை என்பதும் இத்தகைய சோதனைகளில் தெரிந்ததுதான். திரும்பும் கீலே இல்லாத பிராக்கெட் என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

அதிர்வுக்கு இன்னொரு பயணமும் உண்டு: பக்கத்து வீடு. இங்கே ஒரே சுவரை இரண்டு குடித்தனம் பகிர்ந்துகொள்வது சாதாரணம். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு நானூறு கிலோவுக்கு மேல் கனம். அறுநூறு கிராம் தள்ளலுக்கு அது மசியாது. நாலு இஞ்ச் ஏ.ஏ.சி. சுவர் அறுபது எழுபது கிலோதான். மேளத்தோலின் வேலையைச் செய்யத் தொடங்கும். தட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே ரப்பர் பட்டைகள் வைப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதை.

நிலநடுக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக் கடலுக்கு அப்பால் நிகழ்ந்த நடுக்கத்தையும், 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவிலிருந்து வந்த நடுக்கத்தையும் சென்னையில் பலர் உணர்ந்தார்கள். 2002-ல் திருத்தப்பட்ட இந்தியத் தரநிலை 1893, சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது. அந்த மண்டலத்துக்கான காரணி 0.16. பன்னிரண்டு கிலோ பெட்டிக்கு அது இரண்டு கிலோ பக்கவாட்டு விசை. கட்டடத்தின் ஆட்டம் அதைச் சில மடங்கு பெருக்கினாலும், மேலே சொன்ன பலகையும் பிளக்குகளும் தாங்கும். தாங்காதது, வெறும் அலமாரிப் பலகையில் ஒன்றும் கட்டாமல் தூக்கி வைத்த பெட்டி. அது நகர்ந்து விழும். அதற்கும் முன்தடுப்பும் ஒரு பட்டையும் வேண்டும்.

மேடைக்காரர்களிடமிருந்து கடன்வாங்க வேண்டிய ஒன்று, இரண்டாம் பிடி. பெட்டியைச் சுற்றிய மூன்று மில்லிமீட்டர் எஃகுக் கம்பிவடம் ஒன்றை, பிராக்கெட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத தனி பிளக்கில், முடிந்தால் கான்கிரீட் பீமிலோ லிண்டலிலோ போட்ட ஆங்கரில் மாட்டிவிட வேண்டும். தளர்வு சில சென்டிமீட்டருக்குமேல் இருக்கக் கூடாது. பெட்டி அதிகத் தொலைவு விழுந்து பிடிபட்டால் அந்த உதறலே வடத்தின் பிடியைப் பிடுங்கிவிடும். பிராக்கெட் கைவிட்டால் பெட்டி சாய்ந்து தொங்கும், விழாது.

துளை போடுமுன் சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும், அதே மட்டத்தில் இடம்வலமாகவும் உள்ள பட்டையைத் தவிர்க்க வேண்டும். சுவருக்குள் வயர் போகும் குழாய் அங்கேதான் ஓடும். குளியலறையோடு ஒட்டிய சுவரானால் தண்ணீர்க்குழாயும் உண்டு. மழைக்காலத்தில் உப்புப் பூத்துப் பூச்சு உதிரும் சுவரில் மாட்டவே வேண்டாம்.

நாலரை இஞ்ச் தடுப்புச்சுவரோ ஏ.ஏ.சி. சுவரோ என்றால் பிளக்கை நம்புவதைவிட, சுவரை ஊடுருவி முழுநீள போல்ட் விட்டு, மறுபக்கம் நாலு இஞ்ச் சதுர எஃகுத் தகடு வைத்து முடுக்குவது மேல். போல்ட்டின் இழுவை மறுபக்கத்தில் அகலமான அமுக்கமாக மாறிவிடும். அமுக்கம் தாங்குவதில் எந்தக் கல்லும் கெட்டி. மறுபக்கமும் நம் வீடாக இருந்தால்தான் இது முடியும். வாடகை வீட்டில், துளை போட விடாத வீட்டுக்காரரிடம், இதில் எதுவும் நடக்காது. அங்கே கனமான பெட்டிக்குச் சரியான இடம் தரையில் ஊன்றிய இரும்பு ஸ்டாண்டுதான்: எம்.எஸ். சதுரக்குழாயில் செய்து, அடித்தகடு பெட்டியைவிட அகலமாக, குழாய்க்குள் உலர்ந்த மணல் நிரப்பி, மேலே தட்டோடு பெட்டியைப் பட்டையால் கட்டி, சுவரோடு ஒட்டி நிறுத்தினால் ஒலிக்கணக்கு சுவரில் மாட்டியதற்குச் சமம். மூன்றடி உயர ஸ்டாண்டாக இருந்தால் வெள்ளப் பயமும் குறையும்.

மாட்டி முடித்த பெட்டியை ஒரு வாரம் கழித்து ஒருமுறை ஸ்பானரால் முடுக்கிப் பார்க்க வேண்டும்; பலகையும் ரப்பரும் அந்த வாரத்தில்தான் அமர்ந்துகொடுக்கும். அதன்பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவை, மே மாத வெயில் முடிந்ததும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும். பலகையின் மேல்விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்க்கலாம். முதல் நாள் நுழையாத கார்டு ஒருநாள் நுழைந்தால், அன்றைக்கே பெட்டியை இறக்கிவிட்டு பிளக்குகளைச் சோதிக்க வேண்டும்.